வைஃபை விட்டு விட்டு வருகிறதா? பெட்டியை மாற்றும் முன் பாதையைப் பாருங்கள்!

சொட்டுநீர்ப் பாசனத்தில் கடைசிச் செடிக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், எந்த விவசாயியும் உடனே புதுக் கிணறு வெட்ட ஆள் கூப்பிட மாட்டார். மோட்டார் ஓடுகிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, மெயின் குழாய் எங்காவது கசிகிறதா, அந்த வரிசை டிரிப்பர்களில் உப்புப் படிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவார். எங்கே தண்ணீர் நிற்கிறதோ, அங்கே கை வைப்பார்.

வீட்டு லேப்டாப்பில் நெட் விட்டு விட்டு வரும்போது மட்டும் இந்த நிதானம் போய்விடுகிறது. 'ரவுட்டரை மாத்துங்க' என்பார் ஒருவர். 'பூஸ்டர் போட்டா சரியாயிடும்' என்பார் இன்னொருவர். 'லேப்டாப் பழசாயிடுச்சு' என்பார் கடைக்காரர். மூன்றையும் செய்து சில ஆயிரங்கள் போன பிறகும் நெட் அப்படியேதான் அறுந்து அறுந்து வரும். காரணம், கோளாறு எங்கே என்று யாரும் பார்க்கவில்லை.

திண்டுக்கல் - மதுரை சாலையில் இருக்கும் காந்திகிராமத்தைச் சுற்றிப் பார்த்தால், இந்தப் பிரச்னையின் எல்லா வகைகளும் ஒரே வட்டாரத்தில் கிடைக்கும். பக்கத்தில் சின்னாளபட்டி. சுங்குடிச் சேலைக்குப் பெயர்போன அந்த ஊரில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். கொஞ்சம் தள்ளிப் போனால் சிறுமலை அடிவாரம் வரை தோட்டத்து வீடுகள். அக்கம்பக்கம் ஆள் இல்லை, மின்கம்பி கடைசி முனையில் வந்து நிற்கும். இரண்டு இடத்திலும் நெட் அறுகிறது. ஆனால், காரணம் வேறு வேறு. மருந்தும் வேறு வேறு.

ஏன் இதை விவசாயக் குடும்பம் கவனிக்க வேண்டும்?

லேப்டாப் இன்று பிள்ளைகள் படம் பார்க்கும் பெட்டி மட்டும் இல்லை. பட்டா, சிட்டா பார்ப்பது அதில்தான். பயிர்க் காப்பீட்டு விவரம் சரிபார்ப்பதும், பூ மார்க்கெட்டுக்குக் கணக்கு அனுப்புவதும் அதில்தான். பிளஸ் டூ முடித்த மகளுக்குப் பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் ஆன்லைனில்தான் நடக்கிறது. எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்ற விருப்பப் பட்டியலைக் குறிப்பிட்ட நாளுக்குள் பதிந்து உறுதி செய்ய வேண்டும். அந்தக் கடைசி மணி நேரத்தில் நெட் போனால் இழப்பு ரீசார்ஜ் பணத்தோடு முடியாது. ஒரு வருடப் படிப்பே தடம் மாறலாம். அதனால்தான், கோளாறு கண்டுபிடிக்கும் வேலையைத் தேவை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையிலேயே செய்து வைத்துவிட வேண்டும்.

பாதையை மூன்றாகப் பிரியுங்கள்

நெட் உங்கள் லேப்டாப்புக்கு வரும் வழியில் மூன்று பகுதிகள் இருக்கின்றன.

முதல் பகுதி, நெட் கொடுக்கும் நிறுவனத்தில் இருந்து உங்கள் வீட்டுப் பெட்டி வரை வரும் கம்பி. இப்போது பெரும்பாலும் ஃபைபர். இது மெயின் குழாய் மாதிரி.

இரண்டாவது, பெட்டியும் அதற்குப் போகும் மின்சாரமும். பெட்டியை மோடம், ரவுட்டர் என்று எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள். இது மோட்டார் ரூம்.

மூன்றாவது, பெட்டியில் இருந்து லேப்டாப் வரை காற்றில் போகும் அலையும், அதை வாங்கிக்கொள்ளும் லேப்டாப்பும். இது லேட்டரல் குழாயும் டிரிப்பரும்.

ஐந்து நிமிடச் சோதனை

நெட் நிற்கும் அந்த நேரத்திலேயே இதைச் செய்ய வேண்டும். நன்றாக வரும்போது சோதித்தால் எதுவும் தெரியாது.

ஒன்று: அதே வைஃபையில் இணைந்திருக்கும் செல்போனை எடுத்துப் பாருங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்; இல்லாவிட்டால் சிம் கார்டு நெட் வந்து உங்களை ஏமாற்றும். செல்போனில் வருகிறது, லேப்டாப்பில் மட்டும் வரவில்லை என்றால், பெட்டியையும் கம்பியையும் மறந்துவிடுங்கள். கோளாறு லேப்டாப்பில் இருக்கிறது. இரண்டிலும் வரவில்லை என்றால் அடுத்ததற்குப் போங்கள்.

இரண்டு: பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் பெட்டிகளில் எல்.ஓ.எஸ் என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ, வெளியில் இருந்து ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். இதற்கு வீட்டுக்குள் வைத்தியம் இல்லை. நிறுவனத்துக்குப் புகார் கொடுப்பதுதான் வழி.

மூன்று: பெட்டியைத் திருப்பினால் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 192.168.1.1 என்பது போல ஒரு முகவரி இருக்கும். நெட் நின்றிருக்கும்போது அந்த எண்ணை லேப்டாப்பின் பிரவுசரில், வழக்கமாகத் தள முகவரி அடிக்கும் இடத்தில், அடித்துப் பாருங்கள். பெட்டியின் உள்நுழைவுப் பக்கம் உடனே திறந்தால், லேப்டாப்புக்கும் பெட்டிக்கும் நடுவில் எல்லாம் சரியாக இருக்கிறது. பிரச்னை பெட்டிக்கு அப்பால். அந்தப் பக்கமே திறக்கத் திணறினால், பிரச்னை வீட்டுக்குள் இருக்கிறது.

நான்கு: முடிந்தால் ஒரு லேன் கம்பியால் லேப்டாப்பைப் பெட்டியோடு நேரடியாக இணையுங்கள். கம்பியில் ஒரு மணி நேரம் அறாமல் வந்து, கம்பியை எடுத்ததும் அறுந்தால், குற்றவாளி காற்றுவழிதான்.

இந்த நான்கு சோதனைக்கும் செலவு கிடையாது. லேன் கம்பி இல்லாவிட்டால், லேப்டாப்பைப் பெட்டிக்கு இரண்டு மூன்று அடி தூரத்தில் வைத்துப் பார்த்தாலும் ஓரளவு தெரிந்துவிடும்.

தேனி சொல்லும் பாடம்: முதலில் மின்சாரம்

காந்திகிராமத்தில் இருந்து மேற்கே வத்தலக்குண்டு, பெரியகுளம் வழியாகப் போனால் தேனி. கிராமத்தில் வைஃபை ஏன் அறுகிறது என்பதற்கு உலக அளவில் பேசப்பட்ட ஆராய்ச்சி ஒன்று அங்கேதான் நடந்தது.

2005-ம் ஆண்டையொட்டி, தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களோடு இணைக்க, அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக் குழு ஒன்று வந்தது. போடி, ஆண்டிப்பட்டி போன்ற ஊர்களில் உட்கார்ந்திருக்கும் நோயாளியை, தேனியில் இருக்கும் மருத்துவர் வீடியோவில் பார்த்துப் பேச வேண்டும். அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது, நம் வீட்டில் இருக்கும் அதே வகை வைஃபை. வீட்டுக்குள்ளேயும் அக்கம்பக்கத்திலும் போவதற்காகச் செய்யப்பட்ட அந்த அலையை, உயரமான கோபுரங்களில் ஆன்டெனா வைத்து, மென்பொருளை மாற்றி எழுதி, 15 கிலோமீட்டர் வரை அனுப்பினார்கள். அதே 2005 ஜனவரியில்தான், வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு அறிவித்திருந்தது.

அலை போய்ச் சேர்ந்தது. ஆனால், இணைப்பு நின்று நின்று வந்தது. ஆராய்ந்து பார்த்ததில், பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம் அலையும் இல்லை, தூரமும் இல்லை. மின்சாரத்தின் தரம்தான் என்று 2008-ல் வெளியிட்ட கட்டுரையில் அந்தக் குழு எழுதியது. மின்னழுத்தம் திடீரென எகிறியபோது அடாப்டரும் போர்டும் கருகின. தாழ்வழுத்தத்தில் பெட்டி அரை உயிரில் நின்றது. விளக்கு எரியும், வேலை நடக்காது. சட்டென்று கரன்ட் போனபோது உள்ளே இருந்த நினைவுத் தட்டு கெட்டுப்போனது. அந்த ஊர்களிலேயே கோளாறு பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லாததால், எங்கே தவறு என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலையாக இருந்தது என்றும் அவர்கள் எழுதினார்கள்.

தோட்டத்து வீட்டுக்காரர்களுக்கு இது புரிய விளக்கமே தேவையில்லை. மும்முனை மின்சாரம் வந்து அக்கம்பக்கத்து மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது, வீட்டு டியூப்லைட் மினுக்கும், ஃபேன் தளர்ந்து சுற்றும். அதே நேரத்தில் நெட்டும் அறுகிறதா என்று கவனியுங்கள். அறுந்தால், பாதி நோய் தெரிந்துவிட்டது.

செய்ய வேண்டியவை:

பெட்டிக்கென்றே இருக்கும் சிறிய டி.சி யு.பி.எஸ் ஒன்று வாங்குங்கள். சுமார் ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். வாங்கும் முன் பெட்டியின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். வோல்ட் சரியாகப் பொருந்த வேண்டும். 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்தால் கருகிவிடும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், பெட்டி செருகியிருக்கும் பிளக் அந்த லைனில் வருகிறதா என்று பாருங்கள்.

தளர்ந்த பிளக், ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மிக்ஸியும் அயர்ன் பாக்ஸும் வைஃபையும் சேர்ந்து செருகுவது இவற்றைத் தவிருங்கள். தாழ்வழுத்தம் தொடர்ந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் புகார் பதியுங்கள். அது சரியானால் நெட் மட்டும் இல்லை, மோட்டார் காயிலும் பிழைக்கும்.

இடி மின்னல் நேரத்தில் அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள். ஃபைபரின் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால், அதைத் தாங்கி வரும் இரும்புக் கம்பியும் அடாப்டரும் கடத்தும்.

காற்றுவழி: பெட்டி எங்கே இருக்கிறது?

நெட் போட வந்தவர், கம்பி நுழைந்த ஜன்னல் ஓரத்திலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பார். அவருக்கு அது சுலபம். உங்களுக்கு அது வீட்டின் ஒரு மூலை.

வைஃபை அலைக்கு இரும்பும் தண்ணீரும் பெரிய தடைகள். இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, தகரக் கதவு எல்லாம் அலையைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் டிரம், மழையில் ஊறிய மண்சுவர், நெல் மூட்டை அடுக்கு எல்லாம் அலையை உறிஞ்சும். கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்குப் போகும்போது அலை நிறையவே வலுவிழக்கும். அதனால், பெட்டியை வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள். ஷோகேஸுக்குள் வைப்பதும், தூசி விழாமல் துணி போட்டு மூடுவதும் வேண்டாம். கோடையில் தகரக் கூரைக்கு அடியில் மூடி வைத்த பெட்டி சூடேறித் தானாக நின்று நின்று எழும்.

பெட்டி இரண்டு அலைவரிசைகளில் பேசலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது. ஆனால் சுவர் தாண்டித் தூரம் போகும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் ஒன்றிரண்டு சுவரிலேயே களைத்துவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், லேப்டாப் சில சமயம் இதற்கும் அதற்கும் தாவித் தாவி இணைப்பை அறுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துத் தரச் சொல்லுங்கள். பெட்டி இருக்கும் அறையில் 5, தள்ளி இருக்கும் அறையில் 2.4 என்று பழகிக்கொள்ளலாம்.

சின்னாளபட்டி மாதிரி நெருக்கமான தெருவில் இருப்பவர்களுக்கு வேறு சிக்கல். பத்து வீட்டுப் பெட்டிகள் ஒரே நேரத்தில் பேசும். 2.4-ல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. பக்கத்து வீடுகள் எதில் இருக்கின்றன என்று செல்போன் செயலி ஒன்றில் பார்த்து, கூட்டம் குறைந்த சேனலுக்கு மாற்றச் சொல்லலாம். அங்கே 5 கிகாஹெர்ட்ஸ் இன்னும் நல்லது. சுவர் தாண்டாத அதன் குறையே அங்கு நிறை. பக்கத்து வீட்டு அலையும் உள்ளே அதிகம் வராது.

லேப்டாப்: நான்கு இடத்தைப் பாருங்கள்

செல்போனில் வந்து லேப்டாப்பில் மட்டும் அறுந்தால்:

முதலாவது, மின்சிக்கனம். பேட்டரியைச் சேமிக்க லேப்டாப் தன் வைஃபை உறுப்பைத் தூங்க வைக்கும். விண்டோஸ் லேப்டாப்பில் 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' கீழே வைஃபை பெயரைத் தட்டி, 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்தில், மின்சாரம் சேமிக்க இதை நிறுத்தலாம் என்ற இடத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். சில புது லேப்டாப்களில் இந்தப் பக்கம் இருக்காது. அவற்றில் சார்ஜர் போட்டு வேலை செய்து பாருங்கள். சார்ஜரில் அறாமல், பேட்டரியில் மட்டும் அறுந்தால் காரணம் இதுதான்.

இரண்டாவது, பழைய நினைவு. வைஃபை பட்டியலில் உங்கள் வீட்டுப் பெயரை 'ஃபர்கெட்' கொடுத்து நீக்கிவிட்டு, பாஸ்வேர்டு போட்டு மறுபடி சேருங்கள்.

மூன்றாவது, டிரைவர் எனும் மென்பொருள். லேப்டாப் கம்பெனியின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் புதுப்பியுங்கள். தேடும்போது முதலில் வரும் ஏதோ ஒரு தளத்தில் 'இலவச டிரைவர்' என்று இறக்கினால் வைரஸ் சேர்ந்து வரும்.

நான்காவது, தேதியும் நேரமும். பழைய லேப்டாப்பில் உள்பேட்டரி செத்தால் தேதி பின்னால் போய்விடும். வைஃபை முழுதாகக் காட்டும். ஆனால் பாதுகாப்பான அரசுத் தளங்கள் திறக்காது. தேதியைச் சரிசெய்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. பெட்டியை அணைத்து ஒரு நிமிடம் விட்டுப் போடலாம், தவறில்லை. ஆனால், பின்புறம் சிறு ஓட்டைக்குள் இருக்கும் 'ரீசெட்' பொத்தானை ஊசியால் அழுத்தாதீர்கள். நிறுவனம் போட்டுக்கொடுத்த அமைப்பெல்லாம் அழிந்து, ஆள் வரும்வரை நெட் இருக்காது.

வெளிக் கம்பி: ஆதாரத்தோடு பேசுங்கள்

ஃபைபர் என்பது கண்ணாடி. வளையலைவிடச் சிறிய வட்டமாகச் சுற்றாதீர்கள். கதவிடுக்கில் நசுங்க விடாதீர்கள். ஆணி வைத்து இறுக்க வேண்டாம். அறாவிட்டாலும், மடிந்த இடத்தில் ஒளி கசிந்து நெட் தள்ளாடும். வெளியே எலி, முருங்கைக் கிளை, உயரமாக வைக்கோல் ஏற்றிப் போகும் வண்டி எல்லாமே கம்பிக்கு எதிரிகள்.

புகார் கொடுக்கும்போது 'நெட்டே சரியில்லீங்க' என்று சொன்னால், ஆள் வரும் நேரத்தில் நெட் நன்றாக வரும். அவரும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். பால் கணக்கு எழுதுவதுபோல ஒரு நோட்டில் பத்து நாள் எழுதுங்கள்: தேதி, அறுந்த நேரம், வந்த நேரம், எந்த விளக்கு எரிந்தது, செல்போனிலும் நின்றதா, கரன்ட் எப்படி இருந்தது, மழையா காற்றா. மழை நாளில் மட்டும் என்றால் இணைப்பில் ஈரம் இருக்கலாம். இரவு ஏழு முதல் பத்து வரை என்றால் தெருவே சேர்ந்து பயன்படுத்தும் நெரிசலாக இருக்கலாம். மோட்டார் நேரம் என்றால் மின்சாரம். நோட்டைப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

புகார் எண் கட்டாயம் வாங்குங்கள். தீர்வு திருப்தியில்லை என்றால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். 2012-ல் டிராய் கொண்டுவந்த விதிமுறை அந்த உரிமையைத் தந்திருக்கிறது. அங்கே உங்கள் நோட்டும் புகார் எண்ணும்தான் பேசும்.

வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவை

பூஸ்டர் வாங்கலாமா?
அலை வராத அறைக்குள் பூஸ்டரை வைத்தால், இல்லாததை அது எப்படிப் பெருக்கும்? பெட்டிக்கும் அந்த அறைக்கும் நடுவில், அலை நன்றாக வரும் இடத்தில் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் வேகம் குறையும். அதைவிட, லேன் கம்பி இழுத்து அந்தப் பக்கம் இன்னொரு ரவுட்டர் வைப்பது உறுதியானது. ஒரே லேன் கம்பி 100 மீட்டர் வரை போகலாம்.

தோட்டத்து மோட்டார் ரூமுக்கு வீட்டு வைஃபையைக் கொண்டுபோக முடியுமா?
முடியும். தேனியில் செய்தது அதைத்தான். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும் திசை ஆன்டெனாக்கள் வேண்டும். நடுவில் மறைப்பு கூடாது. வாழை நட்ட மாதம் தெரியும் வழி, குலை தள்ளும் மாதம் இலையால் மறைந்துவிடும். அந்த உயரத்தைக் கணக்கு வைத்துக் கம்பம் நடுங்கள்.

விண்ணப்பத்துக்கு இன்றுதான் கடைசி நாள். நெட் நிற்கிறது. என்ன செய்வது?
இன்று கோளாறு தேடாதீர்கள். செல்போனில் 'ஹாட்ஸ்பாட்' போட்டு லேப்டாப்பை அதில் இணையுங்கள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் சேமியுங்கள். முடிந்ததும் ஒப்புகைச் சீட்டை இறக்கி வையுங்கள். அதுவும் ஆகாவிட்டால் தாமதிக்காமல் இ-சேவை மையத்துக்குக் கிளம்புங்கள். கோளாறு தேடும் வேலை அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு நோட்டும் பேனாவும் கையில் வைத்துக்கொண்டு.